விண் நோக்கும் ராக்கெட்டும் வீட்டில் சொல்லாத நோயும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி ஒருத்தி எழுதியது)

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவப்படும் நாள்களில் நெமிலிச்சேரியின் மொட்டை மாடிகளில் ஒரு சிறு திருவிழாவே நடக்கும். ஆவடிக்கு மேற்கே, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே புறநகர் மின்ரயில் நின்று செல்லும் ஊர் எங்களுடையது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை வந்தபின் வயல்கள் மனைகளாயின. மனைகளில் வீடுகள் எழுந்தன. ஏவுதளம் இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வானம் தெளிந்திருந்தால், வடக்கே சற்றுக் கிழக்காக ஒரு செந்நிறப் புள்ளி எழுந்து வளைந்து மறைவதைக் கண்ணாலேயே காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மாலையில் எங்கள் மாடியில் தெருவே கூடியிருந்தது. என் பெரியம்மாதான் முதலில் கண்டார். "அதோ, அதோ!" என்று கையை நீட்டிக் குழந்தைகளுக்குக் காட்டினார். அந்தக் கைக்கு அப்போதே ஓர் இரகசியம் தெரியும். தம் மார்பில் ஒரு கட்டி இருப்பதை அவர் தொட்டுணர்ந்து அன்றைக்கு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. யாரிடமும் சொல்லவில்லை. மேலும் மூன்று மாதம் கழித்து, தோல் புண்ணான பிறகே வீட்டாருக்குத் தெரிந்தது. "ஏன் அக்கா சொல்லலே?" என்று அம்மா அழுதபோது பெரியம்மா சொன்ன பதில் இதுதான்: "வலிக்கவே இல்லையேடி. வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

பெரியம்மா இன்று இல்லை. எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் எழும் ஒளியைப் பார்க்க ஊரே கூடுகிறது. ஒரே கூரையின் கீழ் வாழும் பெண்ணின் நோய் எட்டு மாதம் எவருக்கும் தெரியாமல் வளர்கிறது. ராக்கெட்டைப் பார்க்கக் கூடும் கூட்டத்தைக் கொண்டே இந்த மௌனத்தைக் கலைக்க முடியுமா? இயற்பியல் மாணவியாகிய நான் இக்கேள்வியோடு தேடிப் படித்தவற்றையும், சிறிதளவு செய்து பார்த்ததையும் ஆசிரியப் பெருமக்கள் முன்பும் தோழர் தோழியர் முன்பும் வைக்கிறேன்.

ஒரு மாதத்தில் இரு விழாக்கள்

அக்டோபர் மாதத்துக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. 1957 அக்டோபர் 4 இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக்கோளை ஏவியது. அதன் நினைவாக அக்டோபர் 4 முதல் 10 வரையுள்ள நாள்களை உலக விண்வெளி வாரமாகக் கொண்டாட ஐக்கிய நாடுகள் சபை 1999 இல் முடிவு செய்தது. அவ்வாரத்தில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கண்காட்சிகளும் போட்டிகளும் நடைபெறுவதை நாம் அறிவோம். 2021 ஆம் ஆண்டு அவ்வாரத்தின் பொருள் 'விண்வெளியில் பெண்கள்' என்பதாகும்.

அதே அக்டோபர், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமுமாகும். 1985 இல் அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம் இது. 1992 இல் இளஞ்சிவப்பு நாடா அதன் சின்னமாயிற்று. அதன்பின் உலகின் பல நகரங்களில் அம்மாதம் கட்டடங்களும் பாலங்களும் இளஞ்சிவப்பு விளக்கொளியில் நனைகின்றன. பொழுதுபோக்கு ராக்கெட்டுகளுக்கும் அவ்வண்ணம் தீட்டி, மக்களைக் கூட்டி, நிதி திரட்டி, நோயைப் பற்றிப் பேச வைக்கலாம்.

வண்ணம் பூசுவதால் நோய் தீருமா என்று கேட்பவர்களும் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. இளஞ்சிவப்பு நாடாவை ஒட்டிப் பொருள்களை விற்று இலாபம் காண்போரைக் கண்டு மனம் கசந்து, 'இளஞ்சிவப்புக்கு முன் சிந்தியுங்கள்' என்ற இயக்கத்தை அமெரிக்காவில் நோயாளர் அமைப்பு ஒன்றே 2002 இல் தொடங்கியது. ஆகவே, வண்ணம் எதைச் சுமந்து செல்கிறது என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

பொழுதுபோக்கு ராக்கெட் என்பது என்ன?

ஸ்புட்னிக் பறந்த காலத்தில் அமெரிக்கச் சிறுவர்கள் பலர் வீட்டிலேயே வெடிமருந்தைக் கலந்து ராக்கெட் செய்ய முயன்று கைகளையும் கண்களையும் இழந்தனர். பாதுகாப்பான மாதிரி ராக்கெட்டை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர். அவரும் ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளரும் 1957 இல் தொடர்பு கொண்டதிலிருந்து இக்கலை ஒழுங்கான பொழுதுபோக்காக வளர்ந்தது.

இதன் அமைப்பு எளிது. உடல் காகித அட்டைக் குழல்; முனையில் கூம்பு; அடியில் மெல்லிய மரத்தாலோ அட்டையாலோ ஆன துடுப்புகள்; உள்ளே தொழிற்சாலையில் செய்த சிறு எரிமருந்துக் குப்பி. உலோகம் கூடாது. தீக்குச்சியால் பற்றவைக்கக் கூடாது. மின்கம்பியால் தொலைவிலிருந்தே பற்றவைக்க வேண்டும். குப்பியின் ஆற்றலை எழுத்துகளால் குறிப்பர். 'ஏ' வகையின் உச்ச உந்தம் 2.5 நியூட்டன் வினாடி, அடுத்த எழுத்து 5, அதற்கடுத்தது 10. இப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டிப்பாகும். மருந்து எரிந்து தீர்ந்ததும் ராக்கெட் வேகம் குறைந்தபடி மேலே செல்லும். உச்சியை அடையும் வேளையில் உள்ளிருக்கும் சிறு வெடி, கூம்பைத் தள்ளிப் பாராசூட்டை வெளியேற்றும். ராக்கெட் மெல்லத் தரையிறங்கும், மறுபடி ஏவலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ராக்கெட்டின் எடை மையம் முன்னாலும், காற்றின் அழுத்தம் தாக்கும் மையம் பின்னாலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி குழலின் விட்டம் அளவேனும் இருந்தால்தான் அது நேராகப் பறக்கும். மாறினால் தலைகுப்புறச் சுழலும். எடை மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேலே சுழற்றினாலே போதும். முனை முன்னோக்கிச் சென்றால் ராக்கெட் தேறிவிட்டது என்று பொருள்.

நம் நாட்டு முன்னோடிகள்

ராக்கெட் நமக்குப் புதியதன்று. 1780 செப்டம்பர் 10 இல் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தனர். இரும்புக் குழல் பொருத்திய மைசூர் ராக்கெட்டுகள் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளைத் தீக்கிரையாக்கியதும் அத்தோல்விக்கு ஒரு காரணம் என்பர். எங்கள் ஊருக்குத் தென்மேற்கே ஒரு பகல் வண்டிப் பயணத்தில் எட்டும் ஊர்தான் அது! அக்குழல்களைக் கண்டுதான் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தமது ராக்கெட்டுகளை அமைத்தார்.

அழிவுக்குப் பிறந்த அக்கருவியை உதவிக்குத் திருப்பிய இந்தியர் ஒருவர் உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீபன் ஸ்மித் என்பவர் 1934 முதல் 1944 வரை ஏறத்தாழ 270 ராக்கெட்டுகளை ஏவினார். அவர் அரசு விஞ்ஞானியல்லர். வான்வழி அஞ்சலில் பித்துக் கொண்ட ஓர் ஆர்வலர். கப்பலிலிருந்து கரைக்குக் கடிதம், ஆற்றைத் தாண்டிப் பொட்டலம், வெள்ளமும் நிலச்சரிவும் பாதை அடைத்த இடத்துக்கு உணவு என அவர் எண்ணம் விரிந்தது. 1935 இல் சிக்கிம் மன்னரின் ஆதரவோடு அங்கே சோதனைகள் நடத்தினார். அவ்வாண்டு ஜூன் மாதம் தாமோதர் ஆற்றைத் தாண்டி ஒரு சேவலையும் கோழியையும் ராக்கெட்டில் அனுப்பினார். இரண்டும் உயிரோடு இறங்கின. 1992 இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

1963 நவம்பர் 21 இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது. அதற்குப் பிந்திய வரலாற்றை நாம் பாடத்திலேயே படிக்கிறோம். அண்மைக்காலத்தில் மாணவரும் இவ்வரிசையில் சேர்ந்துள்ளனர். 2023 பிப்ரவரி 19 இல் செங்கற்பட்டு மாவட்டம் பட்டிப்புலத்திலிருந்து, பள்ளி மாணவர்கள் செய்த 150 மிகச் சிறு செயற்கைக்கோள்களைச் சுமந்து ஒரு ராக்கெட் ஏவப்பட்டது. 2024 ஆகஸ்ட் 24 இல் திருவிடந்தையிலிருந்து 'ரூமி' என்ற மறுமுறை பயன்படும் ராக்கெட் எழுந்தது.

பெண்களுக்கென்றே எழுந்த முயற்சியும் உண்டு. சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்ற அமைப்பின் வழிகாட்டுதலில், நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் 'ஆசாதிசாட்' என்ற செயற்கைக்கோளின் பகுதிகளை உருவாக்கினர். 2022 ஆகஸ்ட் 7 இல் அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சிறிய ராக்கெட்டில் புறப்பட்டது. ஆனால் வட்டப்பாதையில் நிலைபெறவில்லை. இரண்டாம் கட்டம் பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் உணர்கருவிகளின் அளவுகள் மாறித் தோன்றின. கருவிகளே பழுது என்று கணிப்பொறி முடிவு செய்துவிட்டது. காரணத்தைக் கண்டு திருத்தினர். ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10 இல், ஆசாதிசாட்-2 வெற்றியோடு வட்டப்பாதை ஏறியது. உடம்பு தரும் அறிகுறியை "ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடும் நமக்கும் இதில் ஒரு பாடம் இல்லையா?

சுமையில்லாத ராக்கெட் வாணவேடிக்கை

இத்தனை முயற்சிகளிலும் ஒரு பொதுமை உண்டு. ஸ்மித்தின் ராக்கெட் கடிதத்தைச் சுமந்தது. மாணவியரின் ராக்கெட் செயற்கைக்கோளைச் சுமந்தது. ராக்கெட்டின் பெருமை அது எழுப்பும் நெருப்பில் இல்லை. கொண்டு சேர்க்கும் சுமையில் இருக்கிறது. சுமை இல்லையேல் அது தீபாவளி வாணத்தின் உடன்பிறப்பு. இளஞ்சிவப்பு ராக்கெட்டுக்கும் இதுவே அளவுகோல். அது சுமக்க வேண்டிய சுமை என்ன? தெளிந்த சில உண்மைகள். அவற்றைக் கேட்ட பெண் அடுத்து எங்கே போக வேண்டும் என்னும் வழி. இவ்விரண்டும்தான்.

முதலில் உண்மைகளைக் காண்போம்.

மார்பகத்தில் பால் சுரக்கும் நுண்ணறைகளும், பாலைக் காம்புக்குக் கொண்டு வரும் குழாய்களும் உள்ளன. இவற்றின் உட்சுவரிலுள்ள உயிரணு ஒன்று கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குவதே இந்நோயின் பிறப்பு. 2022 ஆம் ஆண்டில் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு இது கண்டறியப்பட்டது; 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர். இந்தியாவில் அவ்வாண்டு ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் பேருக்கு நோய் கண்டது. 98 ஆயிரம் பேர் மாண்டனர் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. விகிதத்தைப் பாருங்கள். உலகக் கணக்கில் நோயுற்ற பத்துப் பேருக்கு மூவர் இறப்பு. நம் நாட்டில் பத்துக்கு ஐவர். நோய் கண்டபின் ஐந்தாண்டு வாழ்வோர் செல்வ நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல்; இந்தியாவில் அறுபத்தாறு பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் ஒன்றே. நாம் மருத்துவரிடம் போகும் காலம் வேறு.

அறிகுறிகள் இவை: மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி, தோல் உள்வாங்கிக் குழிதல் அல்லது கமலாப்பழத் தோல்போல் ஆதல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக் கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர், ஆறாத புண், வடிவத்தில் புதிய மாற்றம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. என் பெரியம்மா நம்பிய அளவுகோல் தவறானது. அதை நம்பும் பெண்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள்.

அச்சத்தைப் போக்கும் உண்மைகளும் உண்டு. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இது தொற்றுநோயன்று, நோயாளியின் தட்டில் உண்ணலாம், பிள்ளையைக் கொடுக்கலாம். ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்பது வீண் பேச்சு. நோயுற்றோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே அது பரம்பரையால் வருகிறது. ஆகவே "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்று இருந்துவிடுவதும் பிழை. ஒருத்திக்கு வந்துவிட்டால் அவள் மகளுக்கு வரன் தேடத் தயங்குவது அதைவிடப் பெரும் பிழை. ஆண்களுக்கும் அரிதாக இது வரும். நோயுற்றோரில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

சென்னைக்கு இத்துறையில் பெருமைக்குரிய மரபு உண்டு. புதுக்கோட்டையில் பிறந்து, 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கை புற்றுநோய்க்குப் பலியானதை மறக்காமல் போராடி, 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். தொடக்கத்தில் 12 படுக்கைகள்தாம். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் சேர்ந்து 2021 இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். ஒரு பெண்ணின் மரணத்தை வீட்டுத் துயரமாக மட்டும் விட்டுவிடாமல் ஊருக்குப் பயனாக்கிய வரலாறு அது.

ஷாங்காயும் மும்பையும் சொல்லும் செய்தி

"விழிப்புணர்வு ஊட்டிவிட்டால் போதும், மற்றதைப் பெண்களே பார்த்துக் கொள்வார்கள்" என்று நானும் முதலில் எண்ணினேன். இரண்டு பெரிய ஆய்வுகளைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறியது.

சீனாவின் ஷாங்காய் நகரில் நெசவாலைத் தொழிலாளப் பெண்கள் 2,66,064 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மார்பகத்தைத் தாமே சோதித்துக் கொள்ளும் முறையைக் கவனமாகக் கற்பித்து, திரும்பத் திரும்ப நினைவூட்டினர். மற்றப் பிரிவினருக்குக் கற்பிக்கவில்லை. 2002 இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவிலும் மார்பகப் புற்றுநோய் இறப்பில் வேறுபாடு இல்லை! கற்றவர்கள் கட்டிகளை அதிகம் கண்டனர். ஆனால் அவை பெரும்பாலும் தீங்கற்ற கட்டிகளாகவே இருந்தன.

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998 இல் தொடங்கிய ஆய்வு வேறு வகையானது. 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் இதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரின் பகுதிக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை சென்று, நோயைப் பற்றிக் கூறி, தம் கையாலேயே மார்பகத்தைச் சோதித்தனர். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. 2021 இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்ட பிரிவில் நோய் கண்டவர்களுள் முற்றிய நிலையில் இருந்தோர் நூற்றுக்கு 37. மற்றப் பிரிவில் 47. ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களில் இறப்பு ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறைந்தது. ஐம்பதுக்குக் குறைந்தவர்களிடம் அப்பயன் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் கிடைக்கும் பாடம் என்ன? சொல் மட்டும் சென்றால் போதாது. சொல்லுக்குப் பின்னால் பயிற்சி பெற்ற ஒரு கை வர வேண்டும். தன் உடலின் இயல்பை அறிந்திருப்பதும், மாற்றம் கண்டால் உடனே சொல்வதும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நல்லதுதான். அதோடு முப்பது வயது கடந்த பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சோதித்துக் கொள்ளலாம், கட்டணம் இல்லை. ஐயம் எழுந்தால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர். அங்கே கையால் சோதித்தல், படம் எடுத்தல், ஊசியால் சதை எடுத்தல் என்ற மூன்று சோதனைகள் சேர்ந்தே நோயா அன்றா என்று முடிவு சொல்லும். முதன்முதல் மருத்துவரைக் கண்டதிலிருந்து அறுபது நாளுக்குள் அந்த முடிவு கிடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

எங்கள் தெருவில் செய்து பார்த்தது

சென்ற அக்டோபரில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சிறு ஏவுதல் நடத்தினோம். எரிமருந்துப் பக்கமே நாங்கள் போகவில்லை. வெடிபொருள் செய்ய உரிமம் வேண்டும். வீட்டில் கலப்பது குற்றம் மட்டுமல்ல, உயிருக்கும் உலை. மேலும் ஆவடியைச் சுற்றிப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் விமானப்படை நிலையமும் உள்ளன. இவ்வானத்தில் அனுமதியின்றி உயரே எதையும் செலுத்துதல் தகாது. ஆகவே நாங்கள் எடுத்தது நீர் ராக்கெட்.

இரண்டு லிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் புட்டி ஒன்று. அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாயில் இறுக்கமான ரப்பர் அடைப்பான். அடைப்பானில் சைக்கிள் டியூபின் வால்வு. புட்டியைக் கவிழ்த்து நிறுத்திச் சைக்கிள் பம்பால் காற்றடித்தால், அழுத்தம் மிகும்போது அடைப்பான் கழன்று தண்ணீர் கீழே பீறிடும். புட்டி மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையும் காட்டியதில்லை. தண்ணீர் ஏன்? காற்று மட்டும் இருந்தால் எடை குறைவால் உந்தம் போதாது. தண்ணீர் மிகுந்தால் அழுத்தப்பட்ட காற்றுக்கு இடம் போதாது. மூன்றில் ஒரு பங்கே ஏற்றது. காற்றடிக்கும் குழாய் நீளமாக இருக்க வேண்டும். அனைவரும் தள்ளி நிற்க வேண்டும். அடிப்பவர் கண்ணாடி அணிய வேண்டும். கண்ணாடிப் புட்டியோ உலோகப் புட்டியோ கூடவே கூடாது.

ஐந்து புட்டிகளுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினோம். ஒவ்வொன்றின் மீதும் ஒரு வாக்கியம் எழுதினோம். கீழே விழுந்ததும் எடுத்து வரும் பிள்ளை அதை உரக்கப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏரிக்கரையை ஒட்டிய வெற்றிடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடினோம். முதல் புட்டியின் அடைப்பான் முன்னதாகவே நழுவி எங்கள் அனைவரையும் குளிப்பாட்டியது; கூட்டம் சிரித்தது; சிரிப்பொலி கேட்டு இன்னும் சிலர் வந்தனர். இரண்டாவது புட்டி தென்னை உயரத்துக்கும் மேலே சென்றது.

அதை எடுத்து வந்த சிறுவனுக்கு வயது பத்திருக்கும். "வலி இல்லாத" என்று தொடங்கியவன் அடுத்த சொல்லில் நின்றுவிட்டான். "மார்பகக் கட்டியையும் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்பது மீதி. பெரிய பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தனர். தாய்மார் சிலர் முகத்தைத் திருப்பிக் கொண்டனர். எனக்கே நா உலர்ந்தது. அப்போது பின்னால் நின்றிருந்த பாட்டி ஒருவர், "படிடா ராசா! அதிலே என்ன வெட்கம்? நீ குடிச்சு வளர்ந்ததுதானே!" என்றார். பையன் படித்தான். எங்கள் தெருவில் அச்சொல் உரக்க ஒலித்தது அதுவே முதல் முறையாக இருக்கலாம்.

ஐந்தாம் புட்டி இறங்கியதும், நாங்கள் முன்னரே வேண்டிக்கொண்டபடி வந்திருந்த கிராம சுகாதார செவிலியர் பத்தே நிமிடம் பேசினார். பெண்களை மட்டும் தனியே அழைத்துப் போய் மேலும் அரைமணி நேரம் பேசினார். வந்திருந்தவர்கள் அறுபது பேர் இருக்கலாம். மறுவாரம் சுகாதார நிலையத்துக்குச் சென்றவர்கள் நால்வர். அவர்களில் ஒருவருக்குக் கட்டி இருந்தது. சோதனையில் அது வெறும் நார்க்கட்டி என்று தெரிந்தது. "ஒன்றரை வருஷமா நெஞ்சிலே கல்லா வெச்சிருந்தேன், கண்ணு" என்று அவர் என் கையைப் பிடித்துக் கொண்டார். அறுபதில் நான்கு என்பது சிறிய எண்தான். ஆயினும், நான் இப்போது கூட்டத்தை எண்ணுவதில்லை. அந்த நான்கையே எண்ணுகிறேன்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரியில் இயற்பியல் துறை உண்டு. நாட்டு நலப்பணித் திட்டம் உண்டு. விசாலமான விளையாட்டுத் திடல் உண்டு. வரும் அக்டோபரில் விண்வெளி வாரத்தையும் விழிப்புணர்வு மாதத்தையும் சேர்த்து ஒரு நாள் நீர் ராக்கெட் விழாவாக நடத்தலாம். துடுப்பின் அமைப்பையும் பறக்கும் உயரத்தையும் அளப்பது இயற்பியல் மாணவர் வேலை. வாக்கியங்களை எளிய தமிழில் எழுதித் தருவது தமிழ்த்துறைத் தோழர்கள் வேலை. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் சோதித்துக் கொண்டனர் என்று கணக்கெடுப்பது பொருளியல் மாணவர் வேலை. மாணவர்களும் இதில் சேர வேண்டும். வீட்டில் தாயைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக அண்ணனோ தம்பியோதானே வண்டி எடுக்கப் போகிறான்?

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். செவிலியர் வருகையும் சோதனைக்கு நாளும் உறுதியாகாமல் ஒரு புட்டியைக்கூட ஏவ வேண்டாம். அவை இல்லையேல் நாம் நடத்துவது வெறும் வேடிக்கையே.

அதற்கு முன்னும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை வடவானில் அந்தச் செம்புள்ளி எழும்போது நாமும் மாடிக்குச் செல்வோம். அது மறைந்து, அண்ணாந்த தலைகள் தாழும் நேரத்தில், பக்கத்தில் நிற்கும் அம்மாவையோ அத்தையையோ பெரியம்மாவையோ பார்த்து, "உடம்பில் ஏதேனும் மாற்றம் உண்டா? வலி இல்லாவிட்டாலும் சொல்லுங்கள்" என்று கேட்போம். அன்று அந்த மாடியில் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.